கோணித் துணிக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு ஜன்னல்

ஹெல்மெட் எப்படிப் போடுவது, சாரத்தில் எப்படி ஏறுவது என்பதையெல்லாம் கம்பெனி உங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டும். பார்த்து முடித்ததும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் கீழே விழுந்தால் அது உங்கள் தப்பு என்பதற்கு அந்தக் கையெழுத்து. மேலே இருப்பவர்கள் தப்பு செய்யும்போது நாம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதுவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அந்தக் குறை தீர இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பெரம்பலூர்ப் பக்கம். பூச்சு வேலை. முதலில் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரே ரூமில் எட்டுப் பேராக இருந்தேன். பிறகு அஜ்மான். முட்டி தேய்ந்து போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பேசாதவனை யாரும் கவனிப்பதில்லை. அவன் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். இந்தக் கதை எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

அஜ்மானில் ஒரு அரபி வீடு கட்டினார். வீட்டுக்காரரை நாங்கள் அர்பாப் என்போம். நல்ல மனிதர். பணக்காரர்களுக்கு வரும் வியாதி இவருக்கும் வந்தது: தெருவில் யாரிடமும் இல்லாத மாதிரி ஒரு வீடு வேண்டும் என்றார். அந்த வியாதிக்கு மருந்தோடு வந்தவர் டிராயிங் சார்.

டிராயிங் சார் சென்னைக்காரர். கட்டிடம் வரைந்து தரும் ஆபீஸில் வேலை. எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டுதான் சைட்டுக்கு வருவார். குடும்பம் ஷார்ஜாவில். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆபீஸில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்த வீட்டை அர்பாப் சரி என்று வாங்கிக்கொண்டால் சாருக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் விசா கேன்சல், மகளின் பரீட்சைக்கு முன்னால் குடும்பத்தோடு ஊருக்கு டிக்கெட். இதை அவரே என் பக்கத்தில் நின்று வீட்டம்மாவிடம் போனில் சொன்னார். நான் சுவர் பூசிக்கொண்டிருந்தேன். அதனால் அங்கே யாரும் இல்லை என்று நினைத்துவிட்டார்.

இவ்வளவு நெருக்கடியில் இருக்கும் மனிதர் என்ன செய்ய வேண்டும்? நாலு வில்லாவைப் பார்த்து ஐந்தாவது வில்லாவை வரைய வேண்டும். சார் அப்படிச் செய்யவில்லை. அவருக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் மேல் பக்தி.

டீ நேரத்தில் அந்தப் பிரெஞ்சுக்காரரின் கதையை எங்களுக்குச் சொல்வார். அவர் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பாரிஸில் வீடு கட்டியவர். அப்பா மேசை நாற்காலிகளில் பூ வேலைப்பாடு செதுக்கி விற்றவராம். மகன் வளர்ந்ததும் உலகத்தில் பூ வேலைப்பாடே கூடாது என்று சொல்லிவிட்டாராம். முதல் போரில் பட்டாளத்துக்குப் போய்விட்டு வந்தவர், இருட்டும் ஈரமுமான சந்துகளில் ஜனங்கள் இருமியே சாவதைப் பார்த்திருக்கிறார். இனி வீடென்றால் வெள்ளைச் சுவர், மொட்டை மாடி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக ஒரே ஜன்னல் என்று முடிவெடுத்தார். வீட்டைத் தரையில் வைக்கக் கூடாது, தூண்கள் மேல் தூக்கி நிறுத்த வேண்டும், காற்றும் வெயிலும் மனிதனுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றார்.

நல்ல எண்ணம்தான். பாரிஸில் வெயில் விருந்தாளி மாதிரி எப்போதாவது வரும், அதற்கு எவ்வளவு பெரிய ஜன்னல் வேண்டுமானாலும் வைக்கலாம். அஜ்மானில் வெயில்தான் வீட்டுக்காரன், நாம்தான் வாடகைக்கு இருக்கிறோம். அவனுக்கு அகலமாக ஜன்னல் திறந்து வைத்துவிட்டு, அவனை வெளியே தள்ள ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஏசி மாட்டினோம்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் வீட்டில் மழை ஒழுகியதாம். வீட்டுக்கார அம்மா கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கிறார். இவர் பதிலுக்கு, அந்த வீட்டைப் பற்றிப் பத்திரிகையில் வந்த போட்டோவை அனுப்பி, இதில் ஈரம் எதுவும் தெரியவில்லையே என்று கேட்டாராம். சார் இதைச் சொல்லிவிட்டு ரசித்துச் சிரிப்பார். "மேதைன்னா அப்படித்தான்ப்பா. தப்புன்னு ஒத்துக்கவே மாட்டார்" என்பார். அடுத்த போர் வந்ததும் அவருக்கு வீடு கட்டச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விட்டதாம். கடைசியில் அவர் இறந்தது ஒரு வாடகை ஃபிளாட்டில். அதில் ஜன்னல் சின்னது என்று சொல்லும்போது மட்டும் சார் சிரிக்க மாட்டார்.

எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அது சரி சார், தூணு மேல வீட்டத் தூக்கி வச்சா கீழ என்ன செய்ய?"

"கீழ சும்மா விடணும் அண்ணாச்சி. காத்து போகணும். மனுஷன் சுதந்திரமா நடக்கணும்."

"அஜ்மான்ல எவன் சார் நடக்கான்? அர்பாப் மூணு லேண்ட் க்ரூஸர கொண்டாந்து விட்டுருவாரு, பாருங்க."

சாருக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊர் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆளுயரத்துக்கு மேல் மதில். வாழ்க்கை முழுவதும் மதிலுக்கு உள்ளே, தரையோடு தரையாக நடக்கும். முற்றத்தில் பெண்கள் முக்காடு இல்லாமல் இருப்பார்கள். ஆண்பிள்ளை எவனாவது உள்ளே வருவதென்றால் வாசலிலேயே "ஹூத், ஹூத்" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் கால் வைப்பான். சொந்தத் தம்பியாக இருந்தாலும் அப்படித்தான்.

பிரெஞ்சுக்காரருக்கு இது தெரியாது. அவர் வீட்டைத் தூக்கித் தூண் மேல் வைத்துவிட்டார். அதனால் எங்கள் அர்பாப் வீட்டின் ஹாலே பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே நின்றது. அந்த ஹாலில்தான் கோடிக்குக் கோடி ஜன்னல். சாரின் வரைபடத்தில் பக்கத்து வீடு என்பது ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் யாரும் தலை காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நாங்கள் மேல் தளத்துக்குப் போன முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. கீழே முற்றத்தில் ஒரு வயதான அரபு அம்மா புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எங்களில் ஒருவன் வேடிக்கை பார்த்தான். அண்ணாச்சி அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏல, அங்க என்னல பார்வை? உங்க அக்கா குளிக்கிற எடத்துல எவனாவது சாரம் கட்டி நின்னா விடுவியா? கோணிய எடுத்துட்டு வால!"

கான்கிரீட் காயாமல் இருக்க நனைத்துப் போர்த்தும் கோணித் துணி சைட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் கோணியால் மறைத்துக் கட்டினோம். நனைத்தும் வைத்தோம். கான்கிரீட்டுக்கும் நல்லது, மரியாதைக்கும் நல்லது. அதன்பிறகு அந்தப் பக்கம் கோணி இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்கவில்லை. சாரம் பிரித்த பிறகும் ஜன்னலின் மேல்விளிம்பில் கம்பி கட்டிக் கோணியை விட்டிருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. நம் ஆட்களின் ஒழுக்கத்தை நினைத்து நாங்களே பெருமைப்பட்டோம்.

இதிலுள்ள அழகைக் கவனியுங்கள். டிராயிங் சார் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் கோணி தொங்கியது. கான்கிரீட் இறுகத் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து முற்றத்தை அவர் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. வீட்டை வரைந்தவருக்குத் தெரியாமலா இருக்கும், அதற்கு ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பார் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கே தெரியாததா என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அவ்வளவு பலமாக இருந்தது. தூண்கள்கூட அவ்வளவு பலம் கிடையாது.

வீட்டை அர்பாப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் நாள் வந்தது. நல்ல குளிர்காலக் காலை. சார் புது டை கட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, முதல்ல அந்த அழுக்குக் கோணிய எல்லாம் கழட்டுங்க. இன்னிக்காவது என் ஜன்னலை ஒரே கோடா பாக்கணும்."

அண்ணாச்சி கோணிப் பக்கம் கையைக் காட்டினார். "எல்லாத்தையுமா சார்?"

"பின்ன? கோணியோடவா ஒப்படைக்கிறது?"

கழற்றினோம். கண்ணாடியைத் துடைத்தோம். சார் சரிவுப் பாதையில் மாப்பிள்ளை மாதிரி மெதுவாக ஏறி வந்தார். ஹாலில் நுழைந்ததும் நின்றார். வெளிச்சம் ஒரு சுவர் முழுக்க வந்து கொட்டியது. வாஸ்தவத்தைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்த வில்லாவிலும் பார்த்ததில்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார். கீழே பார்த்தார்.

அந்த அம்மா முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மருதாணி போட்டுச் சிவந்த தலைமுடியை முழுக்க அவிழ்த்துக் காயவிட்டிருந்தார். நிமிர்ந்தார். டை கட்டிய ஒரு ஆள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தார்.

சார் அப்படியே திரும்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி அவ்வளவு வேகம். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மதில் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அந்த வீட்டில் வேலை செய்யும் சிலோன்கார அக்கா. மட்டக்களப்பு. எங்களுக்கு எப்போதாவது ஐஸ் தண்ணீர் கொடுப்பார்.

"அண்ணே! என்ன வேலை பாத்தீங்கள்? ஏன் கோணியைக் கழட்டினீங்கள்? மேடம் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டா!"

அண்ணாச்சி வெளியே எட்டிப் பார்க்காமலே கத்தினார். "வேல முடிஞ்சிட்டுல்லா தாயி!"

"முடிஞ்சா? அப்ப இனி அவ எங்க இருந்து தலை காயவைக்கிற? இந்த முத்தத்திலதான் அவ கலியாணம் முடிச்சு வந்த நாள்ள இருந்து இருக்கிறா. இனி அறைக்குள்ளயே கிடக்கட்டுமோ?"

சார் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் சார். அதான கோணி கட்டுனோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான வரஞ்சீங்க!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அர்பாப் புறப்பட்டுவிட்டதாக ஆபீஸிலிருந்து போன் வந்தது. கூடவே மேனேஜர், போட்டோ நன்றாக வர வேண்டும், ஆபீஸ் சுவரில் மாட்டப்போகிறோம் என்றும் சொன்னார்.

அண்ணாச்சிதான் முதலில் சுதாரித்தார். "சார், பதறாதீங்க. கோணிய மறுபடி கட்டிருவோம். இன்னும் ரெண்டு வாரம் தண்ணி காட்டணும்னு நான் சொல்லுதேன். அவரு கையெழுத்துப் போட்டுச் சாவிய வாங்கிருவாரு. பொறவு அது அவரு வீடு, அவரு ஜன்னல், அவரு பக்கத்து வீடு. பாப்பா பரீட்ச முடியட்டும் சார்."

அதில் ஒரு குறையும் இல்லை. எப்போதோ காய்ந்து கல்லாகிவிட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அர்பாபுக்குத் தெரியவா போகிறது? சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சைட்டில் அதற்கு அர்த்தம் சரி என்பதுதான். கட்டினோம்.

நான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் பிரெஞ்சுக்காரர் இருந்தா என்ன செஞ்சிருப்பார் தெரியுமா?" என்றார். என்னிடம் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அவரே பதிலும் சொன்னார். "போட்டோ எடுத்துட்டுப் போயிருப்பார்."

அர்பாப் வந்தார். வண்டியை நேராகத் தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, நிழலைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். இன்னும் நாலு வண்டி நிற்கும் என்று கையால் அளந்து காட்டினார். மனிதன் சுதந்திரமாக நடப்பதற்காகப் பிரெஞ்சுக்காரர் விட்டுவைத்த இடம் அஜ்மானின் சிறந்த கார் ஷெட்டாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அண்ணாச்சி சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் தூணைப் பார்த்தார்.

அர்பாப் மேலே வந்தார். வெள்ளைச் சுவரைத் தடவினார். கோணியைப் பார்த்ததும் நின்றார். "ஷூ ஹாதா, முஹந்திஸ்?" இது என்ன இன்ஜினியரே என்கிறார்.

அண்ணாச்சி தயாராக இருந்தார். "பானி, அர்பாப். சிமெண்ட் கே லியே. தோ ஹஃப்தா. பாத் மே கலாஸ்." சிமெண்டுக்குத் தண்ணீர், இரண்டு வாரம், பிறகு முடிந்தது என்கிறார்.

"அச்சா, அச்சா" என்றார் அர்பாப். அவ்வளவுதான். முடிந்தது. மொட்டை மாடியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட வண்டியில் மூக்குக்கண்ணாடி இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினார். அண்ணாச்சி எனக்குக் கண்ணைக் காட்டினார். பிழைத்தோம் என்று அர்த்தம்.

"அர்பாப், ஒரு நிமிஷம்" என்றார் சார்.

அவர் கை டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். "கோணியை எடுப்பா."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், அங்கே ஏதோ வெடிப்பு இருக்கிற மாதிரி. தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பார்கள். உங்கள் கையில்தான் கம்பி இருக்கும். எனக்குச் சாரின் மகள் ஞாபகம் வந்தது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததுகூடக் கிடையாது.

"எடுப்பான்னு சொல்றேன்ல."

ஒரு பக்கம் தூக்கினேன். அர்பாப் வந்து பார்த்தார். முற்றத்தில் அந்த அம்மா இல்லை. காலி நாற்காலியும், கொடியில் துணியும், புறாக்களும் இருந்தன. அது போதும். அவரும் சார் மாதிரியே சட்டென்று திரும்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டினார். இரண்டு பேரும் முதுகுப் பக்கம் அவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"வரையும்போது தெரியுமா?" என்று அர்பாப் ஹிந்தியில் கேட்டார்.

"தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் தெரியும். என் தப்பு."

"கோணி?"

"அவங்க முதல் நாள்லயே கட்டிட்டாங்க. அந்த அம்மாவுக்காக."

அர்பாப் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். நிதானமாகச் சொன்னார். "நல்ல வேலை செய்தாய் பாய். என்னை அந்த அம்மாவிடமிருந்து மறைத்தாய், அந்த அம்மாவை இன்ஜினியரிடமிருந்து மறைத்தாய், இன்ஜினியரை என்னிடமிருந்து மறைத்தாய். ஒரு துணியில் இவ்வளவு மறைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது."

அண்ணாச்சிக்கு இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று புரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஜன்னலை மூடு, முழுக்க மூடு, பிறகு கையெழுத்து என்று சொல்லிவிட்டு அர்பாப் போய்விட்டார். அன்றே கண்ணாடியைக் கழற்றிவிட்டு சிமெண்ட் பிளாக் வைத்து அடைக்க ஆரம்பித்தோம். சார் ஒன்றே ஒன்று கேட்டார். அடைக்கும் சுவரை நாலு விரல் உள்வாங்கி வைக்க வேண்டும், வெளியே ஜன்னலின் கோடு மட்டும் பள்ளமாகத் தெரிய வேண்டும். பூ வேலைப்பாடு பொய், அலங்காரம் பொய் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பிரெஞ்சுக்காரரின் பெயரால் ஒரு பொய் ஜன்னலை நான்தான் பூசினேன். என் கையில் வந்த பூச்சிலேயே சிறந்தது அதுதான்.

உண்மையைச் சொன்னதற்கு ஆபீஸ் சாருக்குத் தகுந்த மரியாதை செய்தது. மறுவேலைச் செலவும் தாமதமும் யாரால் வந்தது என்று விசாரித்து, அவரை சவுதியில் இருக்கும் யான்புக்கு அனுப்பியது. அங்கே எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கிடங்கு வரையும் வேலை. ஜன்னலே இல்லாத கிடங்குகள். வேலை போகவில்லை. அது அர்பாப் மேனேஜரிடம் போனில் ஏதோ சொன்னதால் என்று கேள்வி. மகள் ஷார்ஜாவிலேயே பரீட்சை எழுதினாள். அப்பா மட்டும் பக்கத்தில் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பக்கத்து வீட்டுப் பக்கம் கோணி கட்டுங்கள், கட்டாயம் கட்டுங்கள். கட்டியதும் வரைந்தவரின் கையைப் பிடித்து இழுத்து வந்து, கோணியைத் தூக்கி, எதற்குக் கட்டினோம் என்று காட்டிவிடுங்கள். உனக்கென்ன தெரியும் என்று திட்டுவார். திட்டட்டும். கோணிக்குப் பின்னாலேயே வைத்திருந்தால் நம் நல்லகுணம் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

வீட்டை ஒப்படைத்துக் கிளம்பும் நாளில் மதில் மேல் ஒரு பெரிய பாத்திரம் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே சிலோன் அக்காவின் தலை.

"அண்ணே, ஹரீஸ். மேடம் தன்ர கையால கிண்டினவ. அண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டாரே, அந்த டை கட்டின மனிசனுக்கு."

"அவரு யான்பு போயிட்டாருங்க" என்றேன்.

"யான்புவோ? ஏன்?"

நான் பாத்திரத்தை வாங்கக் கை நீட்டினேன். அக்கா அதை மெதுவாக இறக்கிக் கொடுத்தார். "சரி, ஆறுறதுக்குள்ள நீங்களே சாப்பிடுங்கோ. மேடம் இப்ப முத்தத்தில இருக்கிறா எண்டு அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோதுமையும் ஆட்டிறைச்சியும் கூழாகக் கரைந்து, மேலே நெய் மிதந்தது. "ஏல, சாருக்கு ஒரு வார்த்த சொல்லு. சும்மா சும்மா வாய மூடிட்டு இருக்காத" என்றார் அண்ணாச்சி. எனக்குப் போனில் பேச வராது. பாத்திரத்தைப் போட்டோ எடுத்து, அக்கா சொன்னதைக் கீழே எழுதி அனுப்பினேன்.

பாத்திரம் காலியானது. பிறகு பதில் வந்தது. ஹரீஸைப் பற்றி ஒன்றும் இல்லை, அந்த அம்மாவைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

"ஜன்னல் கோடு நேரா இருக்கா?"

இறங்கித் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். வெயில் சாய்ந்து பள்ளத்துக்குள் நிழல் விழுந்திருந்தது. அங்கிருந்து பார்க்கிறவன் யாரும் அது ஜன்னல் இல்லை என்று சொல்ல மாட்டான். மதிலுக்கு உள்ளே புறாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நேரா இருக்கு சார்" என்று எழுதினேன்.